வேலியின் நுண்பின்னம்: தஞ்சைக் கல்வெட்டுக் கணக்கு குறித்த ஒரு மறுமதிப்பீடு

முதலாம் இராசராசன் (985–1014) ஆட்சியில், ஒரு வேலியின் 52,428,800,000-இல் ஒரு பங்கான நிலமும் அளக்கப்பட்டு இறை விதிக்கப்பட்டது என்னும் கூற்று சோழர் வரலாற்று நூல்களில் தொடர்ந்து இடம்பெற்றுவருகிறது. சோழர் நில அளவையின் துல்லியத்திற்குச் சான்றாகவே இவ்வெண் காட்டப்படுகிறது. அச்சான்று ஏற்கத்தக்கதா என்பதை அவ்வெண்ணின் கணிதப் பண்புகளே தெளிவாக்குகின்றன.

முதற்கண் அளவு. இற்றைத் தஞ்சை வழக்கில் 12 அடிக் கோலின் சதுரம் ஒரு குழி; 100 குழி ஒரு மா; 20 மா ஒரு வேலி. அவ்வாறாயின் ஒரு வேலி 2,88,000 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 6.6 ஏக்கர். மேற்குறித்த பங்கு ஏறத்தாழ அரைச் சதுர மில்லிமீட்டரே ஆகும். சோழர் காலக் கோலின் நீளம் வேறுபட்டிருப்பினும் இம்முடிவு பெரிதும் மாறாது. வேலிக்கு நூறு கலம் இறை எனவும், கலத்திற்கு 96 நாழி, நாழிக்கு 14,400 நெல் எனவும் கொண்டால், இப்பங்கிற்குரிய இறை ஒரு நெல்மணியின் 379-இல் ஒரு பங்காகும். எந்தக் கோலும் அளக்க இயலாத நிலம் அது. எந்த மரக்காலும் முகக்க இயலாத நெல் அது.

எனில் இவ்வெண் எவ்வாறு தோன்றியது? இதன் பகாக் காரணிகள் 2, 5 ஆகிய இரண்டே: 2²⁴ × 5⁵. இதனை 5 × 320⁴ என்றும் எழுதலாம். 320 என்பது முந்திரியின் பகுதி எண். ‘கீழ்’ என்னும் சொல் ஒவ்வொரு முறை வரும்போதும் பின்னம் மேலும் 320-ஆல் வகுபடுகிறது. நான்கு படி கீழிறங்கி, அங்கு நாலுமா (1/5) கொண்டால் இப்பின்னம் கிட்டும். ஆகவே இது தமிழ்ப் பின்ன வாய்பாட்டின் உள்ளமைப்பிலிருந்து பிறக்கக்கூடிய எண். வயலில் கண்டெடுக்கப்பட வேண்டிய எண் அன்று.

இவ்வமைப்பிற்கு வரம்பும் உண்டு. 3 இதன் காரணி அன்று. எத்தனை படி கீழிறங்கினாலும் மூன்றில் ஒரு பங்கை முந்திரி வரிசையால் முழுமையாகக் குறிக்க இயலாது. எனவே நுண்மை வேறு, துல்லியம் வேறு.

அளக்க இயலாத இந்நுண்மையைக் கணக்கர் பேணியதன் காரணத்தைக் கல்வெட்டின் கணக்குமுறையிலேயே தேடலாம். ஊரின் மொத்த நிலத்திலிருந்து ஊர்நத்தம், வாய்க்கால், சுடுகாடு முதலிய இறையிலி நிலங்களைக் கழித்து, இறை கட்டும் நிலம் அங்குக் கணிக்கப்படுகிறது. இடையில் ஒரு பின்னத்தைத் தோராயமாக்கினால் கழித்தலும் கூட்டலும் ஒத்துவரா. ஒவ்வொரு பின்னத்தையும் கடைசிப் படிவரை ஏந்திச் சென்றால் அக்கணக்கைப் பின்னர் எவரும் சரிபார்க்கலாம்.

இதனால் சோழர் நிருவாகத்தின் பெருமை குறைவதில்லை. அப்பெருமைக்கு உரியவர் மாறுகின்றனர். அது நிலமளந்த கோலைவிடக் கணக்கெழுதிய கைக்கே மிகுதியும் உரியது. ஆய்வாளர் இவ்வெண்ணை எடுத்தாளும்போது ‘அளக்கப்பட்டது’ என்பதற்கு மாற்றாகக் ‘கணக்கிடப்பட்டது’ என எழுதுவதே பொருந்தும்.