செம்பிலே கங்கை! நுரையிலே பாலாறு!

டிசம்பர் வருகிறது, பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை. வடக்கே செல்லும் இரயில்கள் நிரம்பி வழிகின்றன. பொங்கல் கழிந்ததும் இதழ்களின் பக்கங்களும் நிரம்பி வழிகின்றன, பயணக் கட்டுரைகளால்! தலைப்புகள் வேறு, எழுதுவோர் வேறு, கட்டுரை மட்டும் ஒன்றே. மூடுபனியில் இரயில் தாமதம், அரித்துவாரில் இரும்புச் சங்கிலியைப் பிடித்தபடி ஒரு முழுக்கு, அந்தியில் ஆரத்தி, இலைத் தொன்னையில் மிதந்து செல்லும் விளக்கு, இரிசிகேசத்தில் தொங்குபாலம், மலையேறியதும் பிள்ளைகள் உருட்டி விளையாடிய பனி, நாலாம் நாள் இட்லி தேடி அலைந்த கதை, இறுதியில், உள்ளம் தூய்மையடைந்து ஊர் திரும்பினோம் என்றொரு முத்தாய்ப்பு!

இந்தக் கட்டுரை வகையைத்தான் இன்று உரைகல்லில் உரசிப் பார்க்க விரும்புகிறேன். கதையை ஆய்கிறோம், கவிதையை ஆய்கிறோம், பயணக் கட்டுரையை மட்டும், "போய் வந்தவர் ஏதோ எழுதியிருக்கிறார்" என்று விட்டுவிடுகிறோம். விடலாமா? "நான் சென்ற சுற்றுலா" என்பதன்றோ பள்ளி மாணவன் எழுதிப் பழகும் முதல் உரைநடை! அதிலே காணாமல் எழுதக் கற்றவன், பிறகு எதிலே கண்டு எழுதுவான்?

குற்றம் சாட்டுமுன் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சென்ற அரையாண்டு விடுமுறையில் அக்காள், மாமா, அவர்தம் பிள்ளைகள், அம்மா ஆகியோருடன் நானும் அந்தப் பயணம் சென்றவன்தான். தேவப்பிரயாகையில் அலக்நந்தாவும் பாகீரதியும் இரு நிறமாய் வந்து ஒன்றாகும் காட்சியின்முன் பேச்சற்று நின்றேன். மலை அழகு, ஆறு அழகு, அழகை மறுப்பது பகுத்தறிவு அன்று. முழுகி எழுந்த அம்மாவின் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை எள்ளி நகையாடவும் எனக்கு மனமில்லை. முப்பது ஆண்டு அடுக்களையை விட்டு அகலாத பெண்ணின் முதல் நெடும்பயணம் அது. என் வழக்கு முழுகியவரோடு அன்று, எழுதியவரோடு!

பயண இலக்கியத்துக்கு நான் அறிந்த இலக்கணம் மூன்றே சொல்: காண், கேள், கூறு. நம் கட்டுரையாளர் மூன்றாவதில் மட்டுமே வல்லவர்.

குளிர்காலத்தில் கேதாரம், பத்ரி, கங்கோத்திரி, யமுனோத்திரி ஆகிய நான்கு கோயில்களின் கதவுகளும் மூடப்படுகின்றன. கேதாரநாதரின் உற்சவத் திருமேனி உக்கிமடத்துக்கு இறங்குகிறது. கங்கோத்திரியின் சிலை முக்பா சிற்றூருக்கு. யமுனோத்திரியின் சிலை கர்சாலிக்கு. நடை சாத்தப்பட்டிருந்தது, நமக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று ஒரு வரியில் ஏங்கிவிட்டு நகர்கிறார் கட்டுரையாளர். ஏன் சாத்தினார்கள் என்று கேட்டிருந்தால் எத்துணைச் சுவையான செய்தி கிடைத்திருக்கும்! உயர்ந்த சிற்றூர்களில் வாழ்வோர் பலர் பனி விழுமுன் மந்தைகளோடு தாழ்ந்த ஊர்களுக்கு இறங்கிவிடுவர். தம் தெய்வத்தையும் அவ்வாறே அழைத்துக்கொள்கின்றனர். பனியை வெல்லும் ஆற்றல் புராணத்தில் தெய்வத்துக்கு. பனிக்கு முன்னே இறங்கிவிடும் அறிவோ மலைமகனுக்கு!

அடுத்து அரித்துவார். ஹர் கி பௌரி படித்துறையில் விண்ணின்று இழிந்த கங்கையிலே நீராடியதாக எழுதாதவர் இல்லை. அந்தப் படித்துறைக்கு நீர் வருவது பீம்கோடா தலைப்பிலிருந்து திருப்பிவிடப்பட்ட வாய்க்கால் வழியே. கோட்லி என்னும் ஆங்கிலப் பொறியாளர் திட்டமிட்ட கங்கைக் கால்வாய் 1854-இல் திறக்கப்பட்டது. புதிய தலைப்பு வேலைகள் நீரைத் தடுக்குமென எதிர்ப்பு எழவே, 1916-இல் மதன் மோகன் மாளவியா முன்னின்ற பேச்சுவார்த்தையின் பயனாக, தடையின்றி நீர்விட ஆங்கில அரசு இசைந்தது. ஆண்டுதோறும் தசராவை ஒட்டிக் கால்வாயைத் தூர்வார அடைக்கும்போது படித்துறையில் நீர் வடிந்துவிடும். சில்லறைக் காசு தேடி ஏழைகள் மணலைச் சலிப்பர். இன்னும் கேளுங்கள்: 2016-இல் உத்தரகண்ட் அரசு ஓர் ஆணையால் அந்தப் பகுதியை வெறும் கால்வாய் என்று அறிவித்தது, 2020-இல் மற்றோர் அரசு அந்த ஆணையை நீக்கி அதை மீண்டும் கங்கையாக்கியது! பகீரதனுக்குத் தேவைப்பட்டது தவம். இவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு தாள். இத்தனை வரலாறு ஒரு படித்துறையில் கிடக்க, கட்டுரையாளருக்குக் கிடைத்தது ஒரு புராணம் மட்டுமே.

2013 சூனில் கேதாரத்தில் வெள்ளம் ஆயிரக்கணக்கானோரை வாரிச் சென்றதையும், 2023 சனவரியில் சோசிமடத்தில் வீடுகள் வெடித்து மக்கள் வெளியேற்றப்பட்டதையும் "இறைவன் திருவிளையாடல்" என்ற சொற்றொடர் விழுங்கிவிடுகிறது. மலையைக் குடைந்தவர் யார், ஆற்றுமடியில் விடுதி எழுப்பியவர் யார் என்ற கேள்விகள் பக்திக்குப் பகை போலும்!

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

கங்கைக் கரையிலும் ஓர் ஆம்பூர் உண்டு. அதன் பெயர் கான்பூர். அதிலே சாச்மாவ் என்ற பகுதி. நம்மைப் போலவே தோல் பதனிடுவோர் வாழும் இடம். அத்தொழிற்சாலைகளின் கழிவு குறித்து 1987-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 கும்பமேளாவின்போது, நீராடுவோருக்குத் தெளிந்த நீர் வேண்டுமென அங்குள்ள தொழிற்சாலைகள் மூடச் சொல்லப்பட்டன. ஆற்றைக் காக்க வேண்டுமென்ற நினைப்பு நாள்காட்டி பார்த்து வருகிறது. நீராடும் நாள் முடிந்ததும் போய்விடுகிறது! 2025 மகா கும்பமேளாவிலோ, நீராடுதற்குரிய அளவை மீறி மலக் கிருமிகள் இருந்தனவென்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே பசுமைத் தீர்ப்பாயத்துக்கு அறிக்கை தந்தது.

பாலாற்றுக்குக் கும்பமேளா இல்லை. ஆகவே அந்த நாள்காட்டி நினைப்பும் இல்லை. நந்தி மலையில் பிறந்து, புல்லூர் அருகே தமிழகத்தில் நுழைந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாசா வழியே வயலூரில் கடல் சேரும் ஆறு இது. ஆவாரம்பட்டையால் தோலைப் பதனிட்ட காலம் போய், குரோமியம் வந்தது. அதனோடு உப்பும் கழிவும் மண்ணில் இறங்கின. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்குதவாமல் போனதென்ற ஆய்வுச் செய்தி, உச்ச நீதிமன்றத்தின் 1996 ஆகஸ்டு 28 தீர்ப்பிலேயே இடம்பெற்றது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. மாசு செய்தவனே ஈடு செய்க என்ற நெறி இந்திய நாட்டுச் சட்டமாய் வேரூன்றியது நம் பாலாற்றின் பெயரால்! எனினும் 2015 சனவரியில் இராணிப்பேட்டைக் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகே உறங்கிய தொழிலாளர் 10 பேர் மாண்டனர். 2025 சனவரியிலும் அதே உச்ச நீதிமன்றம் அதே ஆற்றுக்காக மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது.

தொழிலை மூடச் சொல்லவில்லை நான். என் மாணவர்களில் பலர் வீட்டு அடுப்பு எரிவதே அந்தத் தொழிலால்தான். கேட்பது வேறொன்று: இரண்டு சொற்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை நம் எழுத்தாளர் எப்போது உணர்வார்? "தீட்டு" ஒரு சொல். "மாசு" இன்னொரு சொல். தோலைத் தொட்டவனைத் தீட்டென்று ஊருக்கு வெளியே நிறுத்தியது வைதீகம். அவன் காலை அரிக்கும் சுண்ணாம்பு நீரை மாசென்று அது ஒருநாளும் கண்டதில்லை. அதேபோல் "புனிதம்" ஒரு சொல். "தூய்மை" இன்னொரு சொல். தூய்மையைச் சோதிக்கலாம், அளக்கலாம், இல்லையேல் கேட்டுப் பெறலாம். புனிதத்தை என்ன செய்வது? வணங்கலாம், அவ்வளவே. ஓர் ஆற்றைப் புனிதமென்றதும் அதன் நீரைச் சோதிக்கும் எண்ணமே எழாமல் போகிறது. புனிதமற்றதென்றதும் அதைக் காக்கும் எண்ணமே எழாமல் போகிறது. கங்கையும் கெடுகிறது, பாலாறும் கெடுகிறது! பயணக் கட்டுரையின் பெரும்பிழை மொழிப்பிழை; தவறான சொல்லால் உலகைப் பார்த்த பிழை.

வேறுவிதமாய் எழுத முடியாதா? முடிந்திருக்கிறது. காந்தியடிகளைப் பற்றி 1940-இல் வெளிவந்த ஆவணப்படத்துக்காக நாடு நாடாக அலைந்த ஏ. கே. செட்டியார், அலங்காரமின்றி, கண்டதைக் கண்டவாறே எழுதினார். சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரிக் கரையோடு சென்று, ஆற்றையும் அதன் கரை மக்களையும் ஒருங்கே எழுதினர். "நடந்தாய் வாழி காவேரி" 1971-இல் நூலாயிற்று. இமயத்தை நடந்தே அறிந்த இராகுல சாங்கிருத்தியாயன், ஊர்சுற்றுவதையே ஓர் அறிவுத்துறையாக்கினார். இவர்கள் போன இடமும் அதே மலைகள், அதே ஆறுகள். கொண்டுபோன கண்தான் வேறு!

விடுமுறை முடிந்து, எட்டாம் வகுப்பில் வழக்கமான தலைப்பைத் தந்தேன். ஒரு மாணவன் தயங்கி எழுந்தான். "நாங்க எங்கயும் போகல ஐயா." "சரி, போகாததை எழுது" என்றேன். அவன் தன் தாத்தாவோடு பாலாற்றுக்கு நடந்ததை எழுதியிருந்தான். பாலத்தடியில் மூன்று இடங்களில் நீரின் நிறம் என்னவென்று குறித்திருந்தான். மழைக்குப் பின் நுரை தன் முழங்கால்வரை ஏறியதைச் சொல்லியிருந்தான். 2021 நவம்பர் வெள்ளத்தில், ஆற்றை ஆறாகத் தான் முதன்முறை பார்த்ததை எழுதியிருந்தான். கடைசி வரி இது: "தாத்தா இங்கே மீன் பிடித்தாராம். நான் இங்கே மூக்கைப் பிடித்தேன்."

வகுப்பிலேயே உயர்ந்த மதிப்பெண் அதற்குத்தான். கண்டான், கேட்டான், கூறினான்!

எங்கள் வீட்டுக் கிணற்று நீரை வாயில் வைக்க முடியாது. குடிக்கக் கேன் வாங்குகிறோம். அந்த வீட்டின் பூசை மாடத்தில், அரித்துவாரில் வாங்கிய செம்பு, வாய் அடைத்தபடி இருக்கிறது. "கங்கைத் தண்ணி கெட்டே போகாதுடா, நம்ம கிணத்துத் தண்ணி மாதிரியா?" என்கிறார் அம்மா. "கிணத்துத் தண்ணியும் முன்னே கெடாமத்தானேம்மா இருந்தது?" என்றேன். சற்று நேரம் பேசவில்லை. "ஆமாண்டா, நான் கல்யாணமாகி வந்தப்போ இதைத்தான் குடிச்சோம்" என்றார்.

அந்த ஒரு வரியில் தொடங்கட்டும், தோழர்களே, நாம் எழுதப்போகும் பயணக் கட்டுரை. இமயத்துக்குப் போங்கள், பனியில் விளையாடுங்கள், வந்து எழுதுங்கள். ஆனால் புறப்படுமுன் ஒருநாள், உங்கள் ஊர் ஆற்றுக்கு நடந்து போய் வாருங்கள். அதைப் பற்றி ஒரு பக்கம் எழுத முடியாதவர், கங்கையைப் பற்றி எழுதும் நூறு பக்கத்தில் நாம் எதை நம்புவது?