பைப்பை அறுக்காமல் ஓட்டம் அளக்கும் கருவி

ஓடுகிற லைனை நிறுத்தி, பைப்பை அறுத்து, ஃபிளாஞ்ச் வைத்து மீட்டர் மாட்டலாம் என்றால் எந்தச் சாயப்பட்டறையிலும் முகம் சுளிப்பார்கள். திருப்பூர்ப் பட்டறைகளிலோ சாயக் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது. வந்த தண்ணீர், சுத்திகரிப்புக்குப் போனது, ஆர்.ஓ.வில் திரும்பியது எல்லாவற்றுக்கும் கணக்கு வேண்டும். லைனில் உள்ள மின்காந்த மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கத்தான் டியூஎஃப்-2000எச் என்ற அல்ட்ராசானிக் கைக்கருவி.

இரண்டு சென்சார்களைப் பைப்பின் வெளியே கட்டினால் போதும். ஓட்டத்தோடு போகும் ஒலி சீக்கிரம் சேரும், எதிர்த்து வரும் ஒலி தாமதிக்கும். அந்த நேர வித்தியாசத்திலிருந்து வேகம் கிடைத்துவிடுகிறது. பைப்பின் வெளிவிட்டம், தடிமன், பொருள் மூன்றையும் அடித்ததும் சென்சார்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை எம்25 திரை சொல்லிவிடும். கிரீஸ் தடவி, ஒட்டி, எம்90 திரையைப் பார்க்க வேண்டும். சிக்னலும் தரமும் 60-க்கு மேல் இருந்தால் நம்பலாம்.

கட்டிப் பார்த்தபோது எச்டிபிஇ லைனில் சிக்னல் உடனே பிடித்தது. பழைய ஜிஐ பைப்பில் பெயின்டை உப்புத்தாளால் தேய்த்த பிறகும் சிக்னல் தள்ளாடியது. உள்ளே துருப் படிந்திருந்தால் அப்படித்தான். எல்போவுக்குப் பக்கத்தில் கட்டினால் எண் குதிக்கும். 100 மி.மீ. பைப்பில் முன்னால் ஒரு மீட்டர், பின்னால் அரை மீட்டர் நேராக இருக்க வேண்டும். படுத்த பைப்பில் மேலே காற்று நிற்கும், அடியில் சகதி தங்கும். அதனால் பக்கவாட்டில்தான் கட்ட வேண்டும்.

பெரிய ஆபத்து தடிமனில் இருக்கிறது. 110 மி.மீ. எச்டிபிஇ பைப்பில் 6.6 மி.மீ.க்குப் பதில் 4.2 என்று அடித்தால், உள் குறுக்குவெட்டுப் பரப்பிலேயே சுமார் 10 சதவீதம் கூடிவிடும். மீட்டரில் கோளாறு என்று சண்டை போட அதுவே போதும்.

மின்காந்த மீட்டருக்கு மின்கடத்தும் திரவம் வேண்டும் என்பதால் பாய்லருக்குப் போகும் உப்பு நீக்கிய (டிஎம்) தண்ணீரில் அது தடுமாறும். அங்கே இந்தக் கருவி கைகொடுக்கும். நீராவி லைனில் இதற்கு வேலையே இல்லை, வோர்டெக்ஸ் மீட்டர்தான். எடைக்கணக்கில் வாங்கும் ரசாயனத்துக்குக் கோரியோலிஸ் மீட்டர் மாட்டுங்கள், விலை கூடுதல்தான். பைப் பாதிதான் நிரம்பி ஓடுகிறதென்றால் இந்தக் கருவியும் பொய் சொல்லும், சாதாரண மின்காந்த மீட்டரும் பொய் சொல்லும்.

சரிபார்க்க இந்தக் கருவியை வாங்கலாம், இதை வைத்துப் பில் போட வேண்டாம். வாங்கும்போதே பைப் தடிமன் அளக்கும் கேஜ் ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.