சிவப்பு எழுத்து போதுமா? கிட்லேப் விபத்து அறிக்கையை முன்வைத்து

கிட்லேப் நிறுவனம் 2017 பிப்ரவரி 10 அன்று வெளியிட்ட விபத்து அறிக்கையை இந்த வாரம் மறுபடி படித்தேன். டேட்டாபேஸ் பக்கம் வேலை பார்க்கிற எல்லாரும் ஒருமுறையாவது படிக்க வேண்டியது.

நடந்தது இதுதான். ஜனவரி 31 இரவு, இரண்டாவது சர்வரில் ரெப்ளிகேஷன் நின்றுபோனது. அங்கிருந்த டேட்டா டைரக்டரியைத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம் என்று ஒரு பொறியாளர் கட்டளை கொடுத்தார். அது ஓடியதோ முதன்மை சர்வரில். ஓரிரு விநாடியில் சுதாரித்து நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. தினசரி பேக்கப்பும் வெர்ஷன் பொருந்தாமல் தோற்றுக்கொண்டிருந்தது. ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது.

இவ்வளவையும் ஒளிக்காமல் எழுதியதற்குப் பாராட்டலாம். என் குறை வேறு. விபத்து நடந்த கையோடு எழுதிய தீர்வுகளில் ஒன்று: டெர்மினல் பிராம்ப்டில் புரொடக்‌ஷனுக்கு சிவப்பு, ஸ்டேஜிங்குக்கு மஞ்சள். ஆனா அன்னைக்குக் குழம்பிய இரண்டு சர்வருமே புரொடக்‌ஷன். இரண்டுமே சிவப்பாகத்தான் இருந்திருக்கும்! முழு சர்வர் பெயரும் தெரியணும் என்றும் எழுதினார்கள், அது நல்லது. இருந்தாலும் இரண்டுமே கண்ணை நம்பும் தீர்வுகள். இரவு 11 மணிக்குக் கண் படிக்காது, பார்க்க நினைத்ததைத்தான் பார்க்கும்.

அன்று ஓடியது ஷெல் கட்டளை. எஸ்க்யூஎல் ஸ்கிரிப்டிலும் இதே தவறு நடக்கும். டெஸ்ட் என்று நினைத்து புரொடக்‌ஷனில் ஒரு அப்டேட்டை நானே ஓட்டியிருக்கிறேன். எங்கே ஓடியது என்று சொல்ல லாக் இல்லை. விடிய விடியத் தேடினோம்.

அதற்குப் பிறகு என் ஸ்கிரிப்டின் முதல் வேலை, சர்வரையே கேட்பது: டேட்டாபேஸ் பெயர், யூசர், முகவரி, போர்ட், நீ ரெப்ளிகாவா. போஸ்ட்கிரெஸில் இதெல்லாம் ஒரே செலக்டில் வரும். (லோக்கல் சாக்கெட் வழியாகப் போனால் முகவரி காலியாக வரும்.) பதிலை நேரத்தோடு லாக்கில் எழுதி, எதிர்பார்த்ததோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் நிற்க வேண்டும். பிஎஸ்க்யூஎல் வழக்கமாக எரர் வந்தாலும் அடுத்த வரிக்குப் போய்விடும். 'ஆன் எரர் ஸ்டாப்' போடாவிட்டால் இந்தச் சோதனையே வீண்.

பீச்சில் ஏறும்போது போர்டைப் பார்த்த பிறகும் பக்கத்து ஆளிடம் "செங்கல்பட்டு வண்டிதானே?" என்று கேட்கிறோம். தாம்பரத்தோடு நிற்கிற வண்டி என்றால் ஊரப்பாக்கம் வராது. ஸ்கிரிப்டும் அப்படி ஒரு வார்த்தை கேட்கட்டுமே.