உயரம் இருக்கிறது, நிமிடம் எங்கே?

நவி மும்பை வாஷியில் மாலை நேரத்தில் ஏதாவது ஒரு பள்ளியின் சிமெண்ட் கூடைப்பந்து கோர்ட்டை எட்டிப் பாருங்கள். ஆடிக்கொண்டிருக்கும் பையன்களில் ஒருவன் மட்டும் மற்றவர்களைவிட ஒரு முழம் உயர்ந்து நிற்பான். அப்பா அம்மா வைத்த பெயர் எதுவானாலும் கோர்ட்டில் அவன் ‘லம்பு’தான். பந்து எங்கே சுற்றினாலும் கடைசியில் அவன் தலைக்கு மேல் வந்து சேரும். ரிங்குக்கு அடியில் நின்றபடியே வாங்கிப் போடுவான். மாவட்ட விளையாட்டு அலுவலகம் நடத்தும் பதினான்கு வயதுக்குட்பட்டோர் டி.எஸ்.ஓ. மேட்ச்சில் அவனை சார் ஒரு நிமிடம்கூட வெளியே எடுக்க மாட்டார். ஐந்து வருடம் கழித்து அதே பையனை ஒரு கிளப் அணியில் தேடுங்கள். பெஞ்சின் கடைசி நாற்காலியில், போட்ட ஜாக்கெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பான். அல்லது பத்தாவது முடிந்த கையோடு ஜே.இ.இ. வகுப்புக்குப் போயிருப்பான். வாஷியில் அந்த வகுப்புகளுக்குப் பஞ்சமே இல்லை.

இளம் சென்டர்களுக்கு ரொட்டேஷனில் இடம் உண்டா என்று கேட்டால் என் பதில் இதுதான்: உண்டு. ஆனால் நாம் அந்த நிமிடங்களைத் தலைகீழாகப் பங்கிடுகிறோம். பதினான்கு வயதில் அவனுக்குத் தேவைக்கு மேல் தருகிறோம். பத்தொன்பதில் தேவையானதைக்கூடத் தருவதில்லை.

இந்தக் கேள்வி மும்பைக்கே ஒருமுறை நேரில் வந்து போனது. 2019 அக்டோபர் 4, 5 தேதிகளில் வொர்லி என்.எஸ்.சி.ஐ. அரங்கில் இந்தியானா பேசர்ஸும் சாக்ரமெண்டோ கிங்ஸும் மோதின. இந்திய மண்ணில் நடந்த முதல் என்.பி.ஏ. ஆட்டங்கள் அவை. கிங்ஸ் அணியின் உரிமையாளர் விவேக் ரணதிவே மும்பையில் பிறந்தவர் என்பதால் செய்தித்தாள்கள் அவரையே சுற்றிச் சுற்றி வந்தன. முதல் நாள் ஆட்டத்தைப் பார்க்க மும்பைப் பகுதிப் பள்ளிகளிலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை அழைத்திருந்தார்கள். கூடுதல் நேரம் வரை போய் 132-131 என்று பேசர்ஸ் வென்ற ஆட்டம்; பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள். மறுநாளும் பேசர்ஸ்தான், 130-106.

ஸ்கோரைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது பேசர்ஸ் அணியின் ஒரு தலைவலி. மைல்ஸ் டர்னர், டொமாண்டஸ் சபோனிஸ் என்று இரண்டு உயரக்காரர்கள். இருவருக்கும் அப்போது 23 வயது. இருவருமே தத்தம் டிராஃப்டில் பதினொன்றாவதாக எடுக்கப்பட்டவர்கள். டர்னர் அதற்கு முந்தைய பருவத்தில்தான் என்.பி.ஏ.யிலேயே அதிக பிளாக் சராசரி வைத்திருந்தார். சபோனிஸ் அதே பருவத்தில் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, ஆட்டத்துக்கு 25 நிமிடத்துக்கும் குறைவாக ஆடி, 14 புள்ளியும் 9 ரீபவுண்டும் எடுத்தவர். சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருதுக்கான கடைசி மூவரில் ஒருவர். தேடியஸ் யங் என்ற அனுபவசாலி சிகாகோவுக்குப் போனதும் பயிற்சியாளர் நேட் மெக்மில்லன் ஒரு முடிவுக்கு வந்தார்: இரண்டு பேரையும் சேர்த்தே தொடக்க ஐவரில் இறக்குவது. மும்பைக்கு வந்தபோது அந்தச் சோதனை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

எல்லோரும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு சென்டர்களை ஒன்றாக நிறுத்தினால் ரிங்குக்கு அடியிலான பெயிண்டில் நெரிசலாகும், வேகமான ஃபார்வர்டைத் துரத்த ஆள் இருக்காது என்று விமர்சகர்கள் சொன்னார்கள். அது பொய்யுமில்லை. ஆனால் சபோனிஸுக்குக் கிடைத்தது 34 நிமிடத்துக்கும் மேல். சராசரி 18.5 புள்ளி, 12.4 ரீபவுண்டு என்று ஏறியது. அந்தப் பருவமே ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். 2022 பிப்ரவரியில் அவரைத் தங்கள் அணிக்கு வாங்கிக்கொண்டது யார் தெரியுமா? வொர்லியில் எதிரே நின்ற அதே கிங்ஸ். பதிலுக்கு டைரீஸ் ஹாலிபர்ட்டனைக் கொடுத்தார்கள். அடுத்த பருவத்தில் சபோனிஸ் லீகிலேயே அதிக ரீபவுண்டு சராசரியோடு ஆட, 2006க்குப் பிறகு முதல் முறையாக கிங்ஸ் பிளே-ஆஃபுக்குப் போனது. அந்தப் பக்கம் டர்னரும் ஹாலிபர்ட்டனும் பேசர்ஸை 2025 இறுதிப் போட்டி வரை கொண்டுபோய், ஏழாவது ஆட்டத்தில் ஓக்லஹோமாவிடம் தோற்றார்கள். சேர்ந்து ஆடியது நிரந்தரமாகவில்லை, சரி. ஆனால் அந்த இரண்டரை வருட நிமிடங்கள் இல்லையென்றால் சபோனிஸுக்கு அந்த விலை கிடைத்திருக்காது, பேசர்ஸுக்கு ஹாலிபர்ட்டனும் கிடைத்திருக்க மாட்டார்.

அதே கிங்ஸ் அணியில் இன்னொரு இளைஞர், மார்வின் பாக்லி. 2018 டிராஃப்டில் இரண்டாவது; அவருக்கு அடுத்து மூன்றாவதாக எடுக்கப்பட்டவர் லூகா டான்சிச் என்பதால் அவர் எது செய்தாலும் குற்றம்தான். 2019-20இல் காயங்களால் ஆடியது வெறும் 13 ஆட்டம். 2022இல் அவரையும் டெட்ராய்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இளம் உயரக்காரனுக்கு உடம்பே முதல் எதிரி என்பதைப் பயிற்சியாளர்கள் மறக்கக்கூடாது. வேகமாக வளர்ந்த எலும்புக்குத் தசை ஈடுகொடுக்க வருடங்கள் ஆகும். கார்டு ஆடும் பையன் பதினேழில் முழு ஆட்டக்காரன். சென்டர் இருபத்திரண்டில்தான் தன் கால் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறான்.

பொறுமைக்கும் ஒரு உதாரணம் உண்டு. ரூடி கோபேர் 2013இல் இருபத்தேழாவதாக எடுக்கப்பட்டவர். முதல் பருவத்தில் யூட்டா அவருக்குக் கொடுத்தது ஆட்டத்துக்குப் பத்து நிமிடத்துக்கும் குறைவு. நடுநடுவே கீழ்நிலை லீகுக்கு அனுப்பி அங்கே முழு ஆட்டம் ஆடவிட்டார்கள். 2015 பிப்ரவரியில் எனெஸ் கான்டரை விற்று வழிவிட்டதும் தடுப்பாட்டமே மாறிப்போனது. சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது பிறகு நான்கு முறை அவருக்கு. டென்வரில் யோகிச், நுர்கிச் என்று இரண்டு இளைஞர்களைச் சேர்த்து இறக்கிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. 2016 டிசம்பரில் யோகிச்சைத் தேர்ந்தெடுத்து, 2017 பிப்ரவரியில் மற்றவரை அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும்.

இனி நம் ஊருக்கு வருவோம். சத்னாம் சிங் பஞ்சாபின் பல்லோ கே கிராமத்துப் பையன், ஏழடி இரண்டு அங்குலம். பதினான்கு வயதில் ஃபுளோரிடாவின் ஐ.எம்.ஜி. அகாடமிக்குப் போனார். 2015 ஜூன் 25 அன்று டல்லாஸ் மாவரிக்ஸ் அவரை 52ஆவதாக எடுத்தபோது, என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர் என்று நாடே கொண்டாடியது. அதற்கு ஒன்பது நாள் முன்னால்தான் கோல்டன் ஸ்டேட், தன் சென்டர் போகட்டை உட்காரவைத்துவிட்டு இகுவடாலாவோடு சிறிய ஐவரை இறக்கிக் கோப்பையை வென்றிருந்தது. கனத்த சென்டருக்கான கதவு மூடிக்கொண்டிருந்த அதே மாதத்தில் நம் பையன் வாசலுக்கு வந்து சேர்ந்தார். டல்லாஸுக்காக ஒரு என்.பி.ஏ. ஆட்டம்கூட ஆடவில்லை. அதன் துணை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸில் இரண்டு பருவம் இருந்தும் களத்தில் நின்ற நிமிடங்கள் சொற்பம். 2021இல் ஏ.இ.டபிள்யூ. மல்யுத்த நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார்.

சத்னாம் முதலில் பயின்ற அதே லூதியானா அகாடமியில், அதே மறைந்த பயிற்சியாளர் சங்கரன் சுப்பிரமணியத்திடம் பழகியவர்தான் அம்ரித்பால் சிங். கபடி ஆடிக்கொண்டிருந்த விவசாயி வீட்டுப் பிள்ளை, பதின்வயதின் கடைசியில்தான் கூடைப்பந்தையே தொட்டார். சில வருடங்களில் இந்திய அணி. ஆசியப் போட்டிகளில் சீனர்களோடும் ஈரானியர்களோடும் இடித்து, ஃபவுல் வாங்கி, தோற்று, மறுபடி ஆடி வளர்ந்தார். 2014 ஜூலையில் ஊஹானில் சீனாவை அதன் மண்ணிலேயே 65-58 என்று இந்தியா சாய்த்தது அந்தக் காலகட்டத்தில்தான். 2017இல் ஆஸ்திரேலிய லீகின் சிட்னி கிங்ஸ் அவரை எடுத்தது. அந்த லீகில் கால் வைத்த முதல் இந்தியர் அவர். சத்னாமிடம் இல்லாத திறமை அம்ரித்பாலிடம் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவருக்கு நல்ல ஜிம், நல்ல சாப்பாடு, நல்ல செய்தியாளர்கள் கிடைத்தார்கள். இன்னொருவருக்கு எதிராளிகள் கிடைத்தார்கள்.

எதிராளி என்றதும் மறுபடி வாஷி. இங்கே பையனுக்கு எதிராளியே கிடையாது என்பதுதான் பிரச்சினையின் வேர். பள்ளி மட்டத்துப் போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட். ஒரு தோல்வி, வீட்டுக்குப் போகலாம். அதனால் உயரமான பையனை ரிங்குக்கு அடியில் நட்டுவிட்டு எல்லாப் பந்தையும் அவனுக்கே கொடுப்பது சாருக்குப் பாதுகாப்பான வழி. கேடயம் வரும், பிரின்சிபால் அறையில் கண்ணாடி அலமாரி நிறையும். பையன் டிரிபிள் செய்யவோ, ஓடிவந்து ஸ்கிரீன் வைக்கவோ, பின்னால் ஓடித் தடுக்கவோ கற்பதில்லை. பிறகு பதினெட்டு வயதில் மாதுங்கா இந்தியன் ஜிம்கானா கோர்ட்டிலோ டான் பாஸ்கோவின் சாவியோ கோப்பையிலோ போய் நிற்கும்போது எதிரே அவனுக்குச் சமமான உயரம், கூடவே வேகம். முதல் மூன்று நிமிடத்தில் இரண்டு ஃபவுல். பயிற்சியாளர் உதட்டைப் பிதுக்கி அவனை உட்கார வைக்கிறார். அதோடு அவன் கதை முடிந்தது.

மும்பை எப்போதும் கார்டுகளின் ஊர் என்பதையும் சொல்ல வேண்டும். நாக்பாடாவின் நெருக்கடியான தெருக்களிலிருந்து வந்து இந்தியக் கேப்டனாகி, 1970இல் அர்ஜுனா விருது வாங்கிய அப்பாஸ் முந்தசிர் வழிவந்த ஆட்டம் இது: வேகம், கைத்திறன், துணிச்சல். எனக்கும் அந்த ஆட்டம்தான் பிடிக்கும். அதில் உயரக்காரனுக்கு வேலை கண்டுபிடிக்கத்தான் நம் பயிற்சியாளர்கள் சோம்பல் படுகிறார்கள்.

‘இவன் தயாராகட்டும், பிறகு இறக்கலாம்’ என்று பலர் சொல்கிறார்கள். நீச்சல் கற்றபின்தான் கிணற்றில் இறங்குவேன் என்ற கதைதான் அது. ‘ஜெயிக்க வேண்டிய மேட்ச்சில் ஒரு கற்றுக்குட்டியை எப்படி நம்புவது?’ என்ற இன்னொரு வாதத்துக்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. கோல்டன் ஸ்டேட் 2020இல் இரண்டாவதாக எடுத்த ஜேம்ஸ் வைஸ்மனை, உடம்பு தேறி வந்த பிறகும் நம்பி ஆடவிட முடியாமல் 2023இல் அனுப்பிவிட்டது. 2022 கோப்பையை வாங்கித் தந்தவர் ஆரவாரமில்லாத கெவான் லூனி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபீபா விதியில் ஆட்டம் 40 நிமிடம். உள்ளே இரண்டு உயரக்காரர் என்றால் பங்கிட வேண்டியது 80 நிமிடம். மூத்தவர்கள் இருவரும் ஆளுக்கு 30 நிமிடம் ஆடினாலும் 20 மிச்சம். அதில் பத்தை இளைஞனுக்குக் கொடுத்தால் யார் குடியும் முழுகாது. அந்தப் பத்து நிமிடம் எப்போது என்பதுதான் முக்கியம். முப்பது புள்ளி முன்னிலையில் இருக்கும்போது கடைசி மூன்று நிமிடம் இறக்குவது தர்மம் போடுவது போல. அதில் அவன் கற்பது எதுவுமில்லை, எதிரணியும் அப்போது தன் மூன்றாவது வரிசை ஆட்களைத்தான் இறக்கியிருக்கும்.

நான் சொல்வது இரண்டாவது குவார்ட்டரின் முதல் ஐந்து நிமிடமும், மூன்றாவது குவார்ட்டரின் நடுவில் ஐந்து நிமிடமும். காரணம் ஃபவுல். இளம் சென்டர் ஃபவுல் செய்வான், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் ஒவ்வொரு குவார்ட்டரிலும் அணி ஃபவுல் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. நான்கு வரை, ஷூட் செய்பவனைத் தொடாதவரை, எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ கிடையாது. ஐந்தாவதிலிருந்துதான் தண்டனை. ஆக, அந்த நான்கு தீர்வதற்குள் அவன் செய்யும் தவறுதான் அணிக்கு மலிவான தவறு. அதே தவறை நான்காவது குவார்ட்டரின் கடைசியில் செய்தால் மேட்ச் போய்விடும். எதிரணி பெஞ்சும் நான் சொன்ன அந்த ஐந்து ஐந்து நிமிடங்களில்தான் பாதி இறங்கியிருக்கும். மோதலும் இருக்கும், மூச்சு முட்டவும் செய்யாது.

பதிலுக்கு அவனிடம் புள்ளி கேட்காதீர்கள். ஸ்கிரீன் அசையாமல் நிற்கிறதா, ரீபவுண்டுக்கு முன் ஆளை முதுகால் அடைக்கிறானா, கையை நேராகத் தூக்கி நின்ற இடத்திலேயே குதிக்கிறானா, பந்து போனதும் திரும்பி ஓடுகிறானா என்று மட்டும் பாருங்கள். கடைசியாகச் சொன்னதைச் செய்யாதவனுக்கு ஏழடி உயரம் இருந்தாலும் இடம் கிடையாது. அங்கே நான் பயிற்சியாளர் பக்கம்தான். மற்ற மூன்றும் ஆட ஆடத்தான் வரும். பதினான்கு வயதுப் பிரிவில் இதற்கு எதிர்மாறாகச் செய்யுங்கள்: அவனை பெயிண்டை விட்டு வெளியே கூப்பிட்டு, பந்தைக் கொடுத்து, டிரிபிள் செய்யவிடுங்கள். இரண்டு கேடயம் குறையும். குறையட்டும்.

மழை விட்டு, சிமெண்ட் கோர்ட் காய்ந்து, நவி மும்பையில் அடுத்த சுற்றுப் போட்டிகள் ஆரம்பிக்கும்போது பயிற்சியாளர் சார்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான். இரண்டாவது குவார்ட்டர் தொடங்கும்போது அந்த ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லுங்கள். இரண்டு ஃபவுல் செய்தால் திட்டாதீர்கள். மூன்றாவது செய்தால் உட்கார வையுங்கள், ஏன் என்று சொல்லி உட்கார வையுங்கள். அடுத்த மேட்ச்சில் அதே நேரத்துக்கு மறுபடியும் இறக்குங்கள்.