கணிப்பொறியிடம் கெஞ்சும் கலை

நிரலர்களின் நகைச்சுவை பெரும்பாலும் தொழிலுக்கு வெளியே நின்று தொழிலைக் கிண்டலடிப்பது. நிரலர் டான் வுட்ஸின் கேலி தொழிலுக்குள்ளேயே ஓடியது. 1972இல் பிரின்ஸ்டனில் மாணவராக இருந்தபோது ஜேம்ஸ் லயனுடன் சேர்ந்து அவர் படைத்த இன்டர்கால், அன்றைய நிரல்மொழிகளை நையாண்டி செய்யவே பிறந்த மொழி. அதில் கட்டளைகளுக்கு முன்னால் அவ்வப்போது ‘ப்ளீஸ்’ போட வேண்டும். குறைந்தால் மரியாதை போதாது என்று நிரல் திருப்பி அனுப்பப்படும். கூடினால் குழைகிறாய் என்று மறுபடியும் திரும்பும். இந்த விதியை மூலக் கையேடு சொல்லவே இல்லை. விடையோ ரோமன் எண்களில் வரும்.

படித்த பிள்ளைகளின் வெட்டி வேலை என்று ஒதுக்கலாம்தான். ஆனால் இன்டர்காலில் மெய்யாகவே நிரல் எழுத முடியும். ஓடாத மொழி வெறும் துணுக்கு. ஓடுவதால்தான் அது பகடி. இளமைக் குறும்பு ஒருமுறை யாருக்கும் வாய்க்கும் என்பவர்கள் 1977ஐப் பார்க்கட்டும். வில் க்ரௌதரின் குகையில் நடக்கும் கணிப்பொறி விளையாட்டான அட்வெஞ்சரை ஸ்டான்ஃபோர்டில் விரித்தெழுத விரும்பிய வுட்ஸ், க்ரௌதரின் முகவரி தெரியாமல், அன்றைய வலையமைப்பிலிருந்த கணிப்பொறி ஒவ்வொன்றுக்கும் க்ரௌதரின் பெயரிட்டு மின்னஞ்சல் அனுப்பி அவரைப் பிடித்தார். (இதுவே ஒரு நல்ல நகைச்சுவை.) அந்த விளையாட்டில் டிராகனைக் கொல் என்றால், வெறுங்கையாலா என்று நிரல் ஏளனமாகக் கேட்கும். ஆட்டக்காரர் சளைக்காமல் ‘ஆம்’ என்று தட்டினால், டிராகன் செத்துவிடும்.