குரோனோஸை ஏன் அப்போதே எழுப்பினார்கள்?

மதிப்பெண் பட்டியலுக்குள் போக வேண்டாம். 2013 ஆகஸ்டில் ‘பெர்சி ஜாக்சன்: சீ ஆஃப் மான்ஸ்டர்ஸ்’ விமர்சகர்களிடம் வாங்கிய அடி இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குப் புதிதல்ல. ஹாரி பாட்டரின் நகல் என்றது ஒரு தரப்பு. புத்தகத்தைக் கொன்றுவிட்டார்கள் என்றது இன்னொன்று. க்ளைமாக்ஸில் டைட்டன் குரோனோஸை அவசரப்பட்டு எழுப்பிவிட்டார்கள் என்பதில் மட்டும் பெரிதாகச் சண்டையில்லை.

எனக்கு அந்த ‘அவசரம்’தான் உறுத்துகிறது. கையில் ஓவர் இல்லாதவன் தூக்கி அடிப்பதை அவசரம் என்றா சொல்வோம்?

ரிக் ரியோர்டன் ஐந்து நாவல்களாக எழுதியது ஒரு நீண்ட சேஸிங். தொடங்கும்போது பெர்சிக்கு 12 வயது. 16 வயதைத் தொடும்போது ஒலிம்பஸ் நிற்குமா சரியுமா என்பது தீரும். இதுதான் ஆரூடம். இரண்டாம் புத்தகத்தில் குரோனோஸ் ஒரு தங்கச் சவப்பெட்டிக்குள் சில்லு சில்லாகச் சேர்ந்துகொண்டிருப்பான், அவ்வளவுதான். எழுந்து நிற்பது நாலாம் புத்தகத்தில், அதுவும் துரோகி லூக்கின் உடம்பை வாங்கிக்கொண்டு. இடைப்பட்ட பக்கங்களிலெல்லாம் அந்தப் பெட்டி திறக்குமோ என்ற கிலி நம்மை விடாது.

2010-ல் வந்த முதல் படம் பன்னிரண்டு வயதுப் பையனைக் கிட்டத்தட்ட கல்லூரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. ரசிகர்கள் இதை விசுவாசக் குறைவு என்று திட்டினார்கள். விசுவாசம் கிடக்கட்டும், கடிகாரம் அல்லவா உடைந்தது! அடுத்த படத்துக்கு மூன்றரை வருடம் ஆனது. அதற்குள் ஆரூடத்தின் 16 வயதை 20 ஆக்க வேண்டியிருந்தது, மழை நின்றபின் இலக்கைத் திருத்துவது மாதிரி. மூன்றாவது படம் கிடைக்குமா என்ற சந்தேகமும் சேர்ந்திருக்க வேண்டும். டெத் ஓவருக்கு வைத்திருந்த பௌலரைப் பத்தாவது ஓவரிலேயே கூப்பிட்டுவிட்டார்கள். குரோனோஸ் எழுந்தான், இரண்டு பேரை விழுங்கினான், ஒரே வாள்வீச்சில் பெட்டிக்குத் திரும்பினான். அப்புறம் அவனுக்கு யார் பயப்படுவார்கள்?

அவனுக்கு இடம் விட்டவர்கள் யார் என்று பாருங்கள். புத்தகத்தில் சைரன்களின் பாட்டைக் கேட்டே தீருவேன் என்று பெர்சியின் தோழி அனபெத் அடம்பிடித்துத் தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொல்வாள். தன்னால் எல்லாம் முடியும் என்ற கர்வம்தான் அவளுடைய பலவீனம் என்று நமக்குத் தெரிவது அங்கேதான். படத்தில் அந்தக் காட்சியே இல்லை. சூனியக்காரி சர்சியின் தீவும் பாழடைந்த பொழுதுபோக்குப் பூங்காவாகச் சுருங்கிவிட்டது. ஆட்டத்தைத் தோற்றது அங்கே என்பேன். க்ளைமாக்ஸில் விழுந்தது கடைசி விக்கெட், அவ்வளவே.

நான் டைசன் கட்சி, மறைக்கவில்லை. அந்த ஒற்றைக்கண்ணன் வந்து ‘அண்ணா’ என்று ஒட்டிக்கொள்ள, பெர்சி கூசிப்போகும் இடங்களில் இந்தப் படம் நன்றாகவே மூச்சுவிடுகிறது.

2023 டிசம்பரில் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் கடிகாரத்தை மறுபடி 12-ல் வைத்தது. இதே ‘சீ ஆஃப் மான்ஸ்டர்ஸ்’ கதைக்கு இரண்டாம் சீசனில் வர இரண்டு வருடம் பிடித்தது. இந்த வேகத்தில் போனால் நடிக்கும் பிள்ளைகளுக்கு மீசை முந்திக்கொள்ளும். ஆனாலும் ஆரூடத்தின் வயதில் இவர்கள் கை வைக்க மாட்டார்கள், பெட்டியையும் நாலாவது சீசனுக்கு முன் முழுசாகத் திறக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு. இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். மூன்றாம் கதையில் அட்லஸ் சுமக்க வேண்டிய வானத்தை ஒரு சிறுவன் தோளில் வாங்குவான். வானம் இறங்குவதைக் காட்டாமல் கேமரா அவன் முழங்கால்களைக் காட்டினால், முணுமுணுக்கிற விமர்சகர்களும் வாயை மூடிக்கொண்டு பார்ப்பார்கள்.