புள்ளியும் விசைப்பலகையும்: ஒரு திறனாய்வு

எபிரேய மூலத்தைப் பயிலும் இறையியல் மாணாக்கர் மசோரெத்தியரின் தொண்டினை நன்கறிவர். ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை உழைத்த அவ்வறிஞர்கள், வழிவழியாக வந்த மெய்யெழுத்துக்களை மாற்றத் துணியாமல், அவற்றின் மேலும் கீழும் உள்ளும் குறிகளை இட்டு வாசிப்பு மரபைக் காத்தனர். கிரேக்கத்தில் 'ஹெய்ஸ்' என்பது 'ஒருவர்' என்றும், 'எய்ஸ்' என்பது 'உள்ளே' என்றும் பொருள்படும். இரண்டிலும் எழுத்துக்கள் ஒன்றே. வேறுபடுத்துபவை தலைமேல் நிற்கும் சிறு குறிகளே. தமிழில் அப்பணியைப் புள்ளி செய்கிறது. 'பல்' வேறு, 'பல' வேறு. ஆகவே, விசைப்பலகை இச்சிறு குறிகளை எவ்வாறு நடத்துகிறது என்பது தட்டச்சாளரின் கவலை மட்டுமன்று. நூலையும் பெயரையும் காக்கும் பொறுப்புடைய அனைவரின் கவலையுமாகும்.

1. திருப்பூரின் லேபிள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறை ஒன்றின்படி, ஆடையிலுள்ள இழைகளின் பெயர்கள் அது விற்கப்படும் நாட்டின் ஆட்சிமொழியில் லேபிளில் இருத்தல் வேண்டும் என்பது பொதுவிதி. எனவே, ஸ்பானிய மொழியோ பிரெஞ்சோ அறியாத ஒருவர் திருப்பூரில் கணினிமுன் அமர்ந்து, பருத்தியைக் குறிக்கும் 'அல்கொதோன்' என்னும் ஸ்பானியச் சொல்லின் இறுதி உயிர்மேலும், 'எலாஸ்தான்' என்னும் பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்தின்மேலும் சாய்கோடு இடவேண்டியவராகிறார். நம் நாட்டில் பெரும்பாலும் விற்கப்படும் விசைப்பலகை அமெரிக்க அமைப்புடையது. அதில் இவ்வெழுத்துக்களுக்குத் தனி விசை இல்லை. விண்டோஸ் கணினியில் ஆல்ட் விசையை அழுத்தியவாறு வலப்புற எண்பலகையில் 0243 என்று அடித்தால் முன்னதும், 0233 என்று அடித்தால் பின்னதும் கிடைக்கும். அமெரிக்க-பன்னாட்டு அமைப்பைத் தெரிந்துகொண்டால், ஒற்றை மேற்கோள் விசையை முதலில் அழுத்திப் பின் உயிரெழுத்தை அடித்தாலே போதும். கைப்பேசியிலோ எழுத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் குறியிட்ட வடிவங்கள் வரிசையாய்த் தோன்றும். வழி வருத்தமுடையதேனும், வாங்குவோர் ஒப்பிய வாசகம் பிழையாதிருக்கவேண்டும் என்பதால் அவ்வருத்தம் ஏற்கப்படுகிறது. குறியின் மதிப்பை வணிகம் அறிந்திருக்கிறது.

2. தட்டச்சு விட்டுச்சென்ற வழக்கம்

247 எழுத்துக்களைச் சில விசைகளுக்குள் அடக்கும் அருஞ்செயலைச் செய்தவர், 1886இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து தமிழ்த் தட்டச்சின் தந்தை எனப் போற்றப்படும் ஆர். முத்தையா ஆவார். அவர் கையாண்ட உத்தி நகராவிசை. அதனை அழுத்தினால் குறி தாளில் பதியும், தாளோ நகராது, அடுத்து அடிக்கும் எழுத்து அக்குறியோடு பொருந்தி நிற்கும். ஐரோப்பியத் தட்டச்சுப்பொறிகள் மேற்குறிகளை இட்டதும் இவ்வாறே. இது வியத்தகு அமைப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது கண்ணுக்காக மட்டும் எழுதும் கருவி. ரகர மெய்யைக் கால்குறியும் புள்ளியுமாக அடித்தாலும் தாளில் அது ரகர மெய்யாகவே தோன்றியது, எவர்க்கும் தீங்கில்லை.

அவ்வழக்கம் கணினிக்குள் புகுந்தபோதுதான் தீங்கு விளைந்தது. யூனிகோடு முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் தனி எண் உண்டு; மெய்யெழுத்து என்பது அகரமேறிய எழுத்தும் அதன்பின் புள்ளியுமாகச் சேமிக்கப்படும். 'கர்த்தர்' என்பதிலுள்ள ரகர மெய்கள் இரண்டையும் கால்குறியாலும் புள்ளியாலும் ஒருவர் அமைத்துவிட்டால், கண் அதனைக் 'கர்த்தர்' என்றே வாசிக்கும். கணினிக்கோ அது வேறொரு சொல். தேடினால் அகப்படாது. பார்வையற்றோர்க்கு வாசித்துக்காட்டும் மென்பொருளும் அங்கே இடறக்கூடும். நாளிதழ்களின் இணையப் பக்கங்களில் இப்பிழையை இன்றும் மிகுதியாகக் காணலாம். புறத்தோற்றம் செம்மையாயிருக்க, உள்ளே மெய் பிறழ்ந்து கிடக்கும் நிலை இது.

3. இன்றைய இரு முறைகள்

1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையடுத்துத் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறை இக்குறையைப் பெரிதும் நீக்குகிறது. 12 உயிர்கள் இடப்புறம், 18 மெய்கள் வலப்புறம், புள்ளிக்குத் தனி விசை என அதன் அமைப்பு இலக்கணத்தைத் தழுவியது. ஒரே எழுத்தை இருமுறை அடித்தால் முன்னதற்குத் தானே புள்ளி விழும். மெல்லினத்தின்பின் அதன் இனமான வல்லினம் வந்தாலும் அவ்வாறே. எனினும் இந்நன்மை சில இடங்களில் இடையூறாகும். 'மமதை' என்று எழுத விரும்புவோர் முதல் மகரத்தின்பின் அகரத்தை அடிக்க மறந்தால் 'ம்மதை' என்றே வரும்.

ஆங்கில எழுத்துக்களால் ஒலிபெயர்த்துத் தமிழைப் பெறும் முறை மற்றொன்று. தட்டச்சுப் பயிலாதோர்க்கும் அயல்நாட்டில் வளரும் பிள்ளைகளுக்கும் அது வாயில் திறந்தது என்பதை மறுத்தல் தகாது. ஆனால் ணகர, நகர, னகரங்கள் மூன்றும் அங்கே ஓர் ஆங்கில எழுத்தின் நிழலில் ஒதுங்குகின்றன; சரியானதைப் பொறி தெரிந்து தரும் என்று எழுதுவோர் காத்திருக்கின்றனர். நாள்தோறும் தமிழில் அருளுரை எழுதவேண்டிய ஆயர், தம் எழுத்துக்களை வேறொரு மொழியின் வழியே நினைத்துப் பழகுவது நன்றன்று என்பதே என் கருத்து.

முடிவுரை

எபிரேயப் புள்ளிகளைக் கற்பிக்கும் நம் கல்லூரிகள், முதலாண்டிலேயே தமிழ்99 முறையையும் கற்பித்தல் வேண்டும். கணினியில் ஏற்றப்படும் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளில் ரகர மெய் முறையாக உள்ளதா என்பதையும் சபைகள் ஆராய்தல் வேண்டும். 'சேகர்' என்னும் பெயர் பிழையான குறிகளால் பதிவாகியிருப்பின், சான்றிதழ் வேண்டி அவர் பிள்ளைகள் வரும் நாளில் கணினி 'இல்லை' என்றே விடை தரும். பனியன் கம்பெனிகளில் உழைக்கும் பலர் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். பள்ளிக்கோ திருமணத்திற்கோ அவர்கள் கேட்கும் சான்றிதழ் சபையின் பதிவிலிருந்தே பிறக்கவேண்டும். கடல்கடந்து செல்லும் ஆடையின் லேபிளில் அயன்மொழிச் சாய்கோடு பிழையாதிருக்க இத்துணை அக்கறை கொள்ளும் ஊரில், அவ்வாடையைத் தைத்தவரின் பெயர் அவர்தம் சபையின் பதிவேட்டிலேயே அகப்படாமற்போவது முறையன்று. இதனைத் திருத்தப் பெரும்பொருள் வேண்டா. எழுத்தறிந்த இளைஞர் இருவரும் சில மாலைப்பொழுதுகளுமே போதும்.